பெரியவரிடம் யார் கேட்டார்கள்?

"வயசாச்சுல்லா, இனி போட்டுக் கஷ்டப்படுத்தாண்டாம்." எழுபது தாண்டியவருக்கு நுரையீரலில் புற்றுநோய் என்று தெரிந்ததும் நாஞ்சில் நாட்டு வீடுகளில் எழும் பேச்சு இது. பாசத்தில்தான் சொல்கிறார்கள். அந்தப் பாசமே பாதி சிகிச்சையை முடித்துவைத்துவிடுகிறது என்பதுதான் என் வருத்தம்.

மருத்துவமனைக்குப் பஞ்சமான மாவட்டமல்ல இது. எவரெஸ்ட் குழுக்களில் 1922-லும் 1924-லும் இருந்த டாக்டர் சாமர்வெல் நெடுங்காலம் பணியாற்றிய நெய்யூரில் இன்று புற்றுநோய் மையம் இருக்கிறது. ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி. களியக்காவிளை தாண்டிப் போனால் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மையம். ஆகவே, ஒரே நோய் கண்ட இரண்டு பெரியவர்களில் ஒருவருக்கு முழுச் சிகிச்சையும் இன்னொருவருக்கு இருமல் மருந்தும் கிடைப்பதற்குத் தூரத்தை மட்டும் காரணம் சொல்ல முடியாது.

வயதைச் சொல்லலாமா? கடலோரத்தில் எழுபத்தைந்திலும் கரமடி இழுக்கிறவர் உண்டு. அறுபதிலேயே சர்க்கரையும் இதயநோயுமாக மாடிப்படி ஏற முடியாதவரும் உண்டு. சீட்டில் எழுதுவது வயதைத்தான், உடம்பை அல்ல. மருந்து ஆய்வுகளும் முதியவர்களை நெடுங்காலம் பெரும்பாலும் ஒதுக்கியே வைத்திருந்தன. 2011-ல் வெளியான பிரெஞ்சு ஆய்வு ஒன்று, நோய் முற்றிய 70 முதல் 89 வயதுவரை உள்ள 451 பேரை எடுத்துக்கொண்டது. ஒரு மருந்து பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 6.2 மாதம், இரண்டு மருந்து சேர்த்துப் பெற்றவர்களுக்கு 10.3 மாதம். பக்கவிளைவுகளும் கூடவே கூடின. அந்த நான்கு மாதம் பெரிதா சிறிதா என்பதை எந்த ஆய்வாலும் சொல்ல முடியாது. சொல்லக்கூடியவர் ஒருவர்தான்.

சிகிச்சைக்கு முன் முதியவரின் நடை, எடை, நினைவாற்றல், மனச்சோர்வு, தின்னும் மாத்திரைகள், வீட்டில் துணை யார் என்பதையெல்லாம் அளந்து மருத்துவரிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்று அமெரிக்காவில் பார்த்தார்கள். 2021-ல் வந்த முடிவின்படி, கடும் பக்கவிளைவுகள் 71 விழுக்காட்டிலிருந்து 51 ஆகக் குறைந்தன. ஆறு மாதம் வாழ்ந்தோர் கணக்கில் பெரிய வேறுபாடில்லை. இந்த அளவைக்குக் கோடி ரூபாய் எந்திரம் வேண்டாம். நாற்காலியிலிருந்து எழுந்து நடக்கச் சொல்லிப் பார்க்க ஒரு மனிதரும் கொஞ்ச நேரமும் போதும்.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரு பீடியைக்கூடத் தொடாத ஆச்சிக்கும் இந்நோய் வருகிறது. அப்படிப்பட்டவர்களில் பலருக்குக் கட்டியில் குறிப்பிட்ட மரபணு மாற்றம் இருக்கும். இருந்தால், வீட்டிலிருந்தே மாத்திரை தின்று நோயைப் பல மாதங்கள் அடக்கிவைக்கலாம். அந்தச் சோதனையே செய்யாமல் "கீமோ தாங்காது" என்று திருப்பி அழைத்துவருவது எனக்குத் தாங்கவில்லை.

நேர்மாறாகவும் நடக்கிறது. வளைகுடாவிலிருந்து மகன் பணம் அனுப்புகிறான், ஒன்றையும் விட்டுவைக்கக்கூடாது என்கிறான். படுக்கையைவிட்டு எழ முடியாத தாயை மூன்று வாரத்துக்கொருமுறை காரில் ஏற்றுகிறார்கள். அவனுடையதும் பாசம்தான். குறைத்துச் செய்ததும் கூட்டிச் செய்ததும் எதிரெதிர் தவறுகள்போலத் தெரிந்தாலும் வேர் ஒன்றே. நோயாளியிடம் யாரும் கேட்கவில்லை. "அப்பாகிட்ட சொல்லாண்டாம்" என்று ஸ்கேன் கவரை மறைத்துவைக்கிறோம். வயல் வாங்கியதும், மகளுக்கு மாப்பிள்ளை பார்த்ததும், வீட்டுக்கு வாசல் எந்தத் திசை என்று முடிவுசெய்ததும் அவர்தான். தன் எஞ்சிய காலத்தைப் பற்றி மட்டும் அவருக்குப் பேச்சில்லை. நாம் அவரை மதிப்பதாக எண்ணிக்கொண்டே வாழ்வின் ஆகப்பெரிய முடிவிலிருந்து விலக்கிவைக்கிறோம்.

கேட்டால் ஒருவர் சொல்லக்கூடும்: "பேத்தி கல்யாணம் வரை இருக்கணும் மக்கா, என்ன வேணும்னாலும் செய்." இன்னொருவர், "மூச்சுமுட்டாம திண்ணையில இருந்தா போதும்" என்பார். முதலாமவருக்கு மருந்தை அளவாகத் தொடங்கி, உடம்பு தாங்குவதைப் பார்த்துக் கூட்டலாம். இரண்டாமவருக்கு நெஞ்சில் கோத்த நீரை வடித்து, மார்ஃபின் மாத்திரையால் வலியையும் மூச்சுத்திணறலையும் தணித்து, வீட்டுக்கே செவிலியரை வரவழைக்கலாம்.