பால் காட்டும் ‘நான்’

உருதுவில் ஒருவர் ‘நான் போனேன்’ என்று சொன்னால், சொல்வது ஆணா பெண்ணா என்பது வினையிலேயே தெரிந்துவிடும். ஆண் ‘கயா’ என்பான். பெண் ‘கயீ’ என்பாள். தமிழில் தன்மை வினைமுற்று பால் காட்டாது. ‘போனேன்’ என்ற சொல்லுக்குள் யார் வேண்டுமானாலும் இருக்கலாம். இலக்கண வகுப்பில் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடும் செய்திதான். உருதுப் பெண் கவிஞர்களைப் படிக்கத் தொடங்கிய பிறகு அது எனக்கு அத்தனை சின்னச் செய்தியாகத் தெரியவில்லை. கவிதையில் ‘நான்’ என்று சொல்ல வாயெடுக்கும்போதே அவள் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்: ஆண்பால் வினைக்குள் மறைந்துகொள்வதா, பெண்பால் வினையோடு வெளியே வந்து நிற்பதா?

கஜல் மரபு மறைந்துகொள்ளவே சொன்னது. அங்கே காதலிப்பவரும் ஆண்பால், காதலிக்கப்படுபவரும் ஆண்பால். ஐதராபாத் நிஜாமின் அவையில் பெரும் செல்வாக்கோடு வாழ்ந்த தவாயிஃப் மா லகா பாய் சந்தா (1768–1824) தன் கஜல்களைத் திவானாகத் தொகுத்தவர். உருதுவில் திவான் உள்ள முதல் பெண்களில் ஒருவர். அவரும் அந்த மரபுக்குள் நின்றே எழுதினார். ஏறக்குறைய அதே காலத்தில் ரங்கீன், இன்ஷா போன்ற ஆண் கவிஞர்கள் பெண் குரலில், பெண்பால் வினையில் எழுதினார்கள். ‘ரேக்தி’ என்று அதற்குத் தனிப்பெயரே உண்டு. பின்னால் வந்த ஜான் சாகிப் முஷாயிராக்களில் பெண்ணைப் போல உடுத்திக்கொண்டு அவற்றைப் பாடினார் என்பார்கள். இதெல்லாம் உங்களுக்கு நடந்ததா என்று அவர்களில் எவரையும் யாரும் கேட்கவில்லை. ஆண் பெண்ணாகப் பேசினால் அது கற்பனை வளம். பெண் பெண்ணாகப் பேசினால் அது ஒப்புதல் வாக்குமூலம்.

நான் கேட்க விரும்பும் அறக்கேள்வி இதிலிருந்துதான் எழுகிறது. ஒரு கவிஞரின் வாழ்க்கையை அறிந்துகொள்ள நமக்கு எவ்வளவு உரிமை இருக்கிறது? அந்த உரிமையை எல்லாரிடமும் ஒரே அளவில்தான் எடுத்துக்கொள்கிறோமா?

ஆண் கவிஞர்களின் வாழ்க்கையும் நமக்குத் தெரியும். மீர் தகி மீர் இளவயதில் சித்தம் கலங்கியிருந்தார். நிலவில் ஒரு பெண்ணுருவைக் கண்டதை அவரே எழுதியிருக்கிறார். காலிப் கடனில் மூழ்கினார். சூதாட்ட வழக்கில் 1847இல் சிறை சென்றார். மஜாஸ் குடித்துக் குடித்து, 1955 டிசம்பர்க் குளிரில் லக்னோவில் இறந்தார். இவை எதுவும் அவர்களுடைய கவிதையைச் சிறிதாக்கவில்லை. மீரின் பித்து காதலின் உச்சமானது. காலிபின் கடன் நகைச்சுவைத் துணுக்குகளானது. மஜாஸின் குடி ஒரு தலைமுறையின் ஏக்கமானது. அவர்களுடைய குறைகளெல்லாம் கவிதைக்கு உரமாகவே போயின.

பெண்களிடம் வாருங்கள். அலிகார் பக்கத்துப் பிரபுக் குடும்பத்தில், பர்தாவுக்குள் வாழ்ந்த சாஹிதா காதூன் ஷெர்வானி (1894–1922) தன் பெயரின் முதலெழுத்துகளான ஸே, கே, ஷீன் மூன்றை மட்டும் போட்டு எழுதினார். முகத்தைப் போலவே பெயரையும் மறைக்க வேண்டியிருந்தது. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1973இல் ஃபஹ்மிதா ரியாஸ் ‘பதன் தரீதா’ தொகுப்பில் பெண்ணுடலின் வேட்கையைத் தன் பெயரோடு எழுதியபோது, ஆபாசம் என்றார்கள். அவருடைய மொழியைப் பற்றிப் பேசியதைவிட அவருடைய ஒழுக்கத்தைப் பற்றிப் பேசியதே அதிகம். பிறகு ஜியாவின் ஆட்சியில் பத்திரிகை நடத்தியதற்காக வழக்குகள் வந்தன. நாட்டை விட்டு வெளியேறி ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் இந்தியாவில் வாழ்ந்தார். கிஷ்வர் நாஹீத் வேறு வழி கண்டார். தன்வரலாற்றுக்குக் ‘கெட்ட பெண்ணின் கதை’ என்றே பெயர் வைத்தார். அவர்கள் எறியவிருந்த கல்லைத் தானே எடுத்து வாசலில் படியாகப் போட்டுக்கொண்டார்.

பர்வீன் ஷாகிர் (1952–1994) கஜலுக்குள் பெண்பால் வினையை இயல்பாக நடமாட விட்டவர். அவருடைய ‘நான்’ ஓர் இளம்பெண். காத்திருக்கிறாள், நாணுகிறாள், கோபப்படுகிறாள். ஆங்கில இலக்கியம் படித்து, கல்லூரியில் கற்பித்து, பிறகு சுங்கத்துறை அதிகாரியாக இருந்தவர். ஆனால் அவரைப் பற்றிய பேச்சு திரும்பத் திரும்ப வந்து நிற்கும் இடம் மணமுறிவு. ஒவ்வொரு கஜலிலும் கணவன் எங்கே இருக்கிறான் என்று தேடுகிறார்கள். மணமாவதற்கு முன்பே எழுதிய கவிதைகளுக்கும் இந்தத் தேடலிலிருந்து விலக்கு இல்லை.

தமிழ் படித்த நாம் இதைக் கண்டு வியக்க வேண்டியதில்லை. கபிலர் தலைவி கூற்றாகப் பாடியவற்றைக் கபிலரின் வாழ்க்கை என்று எந்த உரையாசிரியரும் சொன்னதில்லை. வெள்ளிவீதியாரின் அகப்பாடல்களோ, கணவனைப் பிரிந்த அவருடைய சொந்தக் கதை என்றே வகுப்பறைகளில் இன்றும் சொல்லப்படுகின்றன. அவர் காதலனைத் தேடி அலைந்ததை ஔவையார் பாடியிருப்பது உண்மைதான். ஆனால் அந்த ஒரு குறிப்பை வைத்து அவருடைய பாடல்கள் அனைத்தையும் அழுகையாகச் சுருக்கிவிடுகிறோம். அகத்திணையில் சுட்டி ஒருவர் பெயர் கொள்ளக்கூடாது என்ற விதி பெண்ணுக்கு மட்டும் தளர்ந்துவிடுகிறது. நானும் கவிதை எழுதுகிறேன். கூட்டம் முடிந்ததும் ‘உங்களுக்கு வீட்டில் ஏதாவது பிரச்சினையா?’ என்று அக்கறையோடு விசாரிப்பவர்கள் உண்டு. அந்த அக்கறையில் கவிதை காணாமல் போகிறது.

ஆகவே கவிதையை மட்டும் படிப்போம், வாழ்க்கையை விட்டுவிடுவோம் என்று முடித்துக்கொள்ளலாமா? முடியாது. எனக்கு அந்த வழியை அடைப்பவர் சாரா ஷகுஃப்தா.

1954இல் குஜ்ரான்வாலாவில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். நான்கு திருமணங்கள், மனநல மருத்துவமனை, பிரிக்கப்பட்ட பிள்ளைகள். 1984 ஜூனில் கராச்சியில் உயிரை மாய்த்துக்கொண்டபோது அவருக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை. அம்ரிதா ப்ரீதத்துக்கு எழுதிய கடிதங்களில் அவரே தன் கதையைச் சொல்கிறார். பிறந்த குழந்தை இறந்துவிட்டது. கையில் காசில்லை. அவர் வீடு திரும்பியபோது, கவிஞரான கணவனும் நண்பர்களும் இலக்கியம் பேசிக்கொண்டிருந்தார்கள். செய்தியைச் சொன்னார். சற்று நேரம் மௌனம். பிறகு பேச்சு தொடர்ந்தது. தான் கவிதைக்குள் வந்த நாள் அதுதான் என்கிறார் சாரா.

இந்தப் பெண்ணிடம் போய், ‘உன் வாழ்க்கை எங்களுக்கு வேண்டாம், கவிதையை மட்டும் கொடு’ என்று சொல்வது எவ்வளவு பெரிய அவமதிப்பு! அதே இலக்கியப் பேச்சை நாமும் தொடர்வதாக ஆகிவிடும். தன் வாழ்க்கை சொல்லப்பட வேண்டும் என்று சாரா விரும்பினார். பெண்களின் வாழ்க்கையைப் பேசாப்பொருளாக வைத்ததால்தான் அத்தனை வன்முறையும் இத்தனை காலம் நடந்தது என்பதைச் சொல்லித்தான் நம் இயக்கமே வளர்ந்தது.

ஆனாலும் சாராவைப் பற்றி எழுதப்படும் பலவற்றைப் படிக்கும்போது மனம் கூசுகிறது. திருமணங்களை எண்ணுகிறார்கள், மருத்துவமனையைச் சொல்கிறார்கள், ரயிலைச் சொல்கிறார்கள். கவிதையில் படிமங்களை அவர் எப்படி ஒன்றின்மேல் ஒன்று மோதவிடுகிறார், உரைநடைக் கவிதையை ஏன் தேர்ந்தார் என்பதற்கு இடமிருப்பதில்லை. மீருக்குப் பித்து என்றால் அது காவியம். சாராவுக்கு என்றால் அது நோய்க்குறிப்பு. இரக்கத்தோடு எழுதினாலும் இது ஒரு துகிலுரிதல்தான்.

வாழ்க்கையை அறிவதில் குற்றமில்லை. அதை யார் கொடுத்தார்கள் என்பதில்தான் அறம் இருக்கிறது. சாரா கொடுத்தார், வாங்கிக்கொள்வது நம் கடமை. பர்வீன் கஜலில் கொடுத்தது ஒரு குரலை. அதன் பின்னால் போய் வீட்டுக் கதவைத் தட்டும் உரிமையை அவர் யாருக்கும் தரவில்லை. சாட்சி சொல்லும் உரிமையும் புனையும் உரிமையும் ஒருசேரப் பெண்ணுக்கு வேண்டும். மீரும் காலிபும் இரண்டையும் கேட்காமலே பெற்றார்கள்.

வாழ்க்கையைத் திறந்துதான் ஆக வேண்டுமென்றால், முதலில் ஆண்களுடையதைத் திறப்போம். காலிபுக்குப் பதின்மூன்று வயதில் திருமணம். தன் திருமண நாளை ஆயுள் தண்டனை பெற்ற நாளாகவும் மனைவியைக் காலில் பூட்டிய விலங்காகவும் ஒரு கடிதத்தில் கேலியாக எழுதுகிறார். அதைப் படித்துச் சிரிக்காத உருது வாசகர் இல்லை. அந்த ‘விலங்கின்’ பெயர் உம்ராவ் பேகம். பெற்ற ஏழு பிள்ளைகளில் ஒன்றுகூடத் தங்காமல் பறிகொடுத்தவர். கடன்காரர்கள் வாசலில் நின்ற வீட்டில் குடும்பம் நடத்தியவர். 1869 பிப்ரவரியில் கணவர் இறந்த பிறகு, அவருக்கு வாய்த்தது ஏறத்தாழ ஓராண்டு வாழ்வுதான். காலிபின் நகைச்சுவையை விடவேண்டாம், நானும் சிரிக்கிறேன். அந்தச் சிரிப்புக்கு விலை கொடுத்தவர் யார் என்பதும் அதே பக்கத்தில் இருக்கட்டும்.

என் மாணவிகளில் எழுதுபவர்கள் பலர், நோட்டை நீட்டும்போதே ‘இது எனக்கு நடந்ததில்லை மேடம்’ என்று சொல்லிவிட்டுத்தான் நீட்டுகிறார்கள். தமிழில் வினை அவர்களைக் காட்டிக்கொடுப்பதில்லை, வாசிப்பவர்கள் காட்டிக்கொடுக்கிறார்கள். அப்படி முன்ஜாமீன் கேட்க வேண்டாம், பெண்ணே. நடந்ததை எழுது, நடக்காததையும் எழுது. எது எது என்று சொல்ல வேண்டிய கட்டாயம் உனக்கில்லை.