அலையாத்திக் காடும் மனித ஊக்கமும்

நவி மும்பையின் சான்பாடாவில், பாம் பீச் சாலைக்கும் தாணேக் கழிக்கும் இடையே அலையாத்திக் காடு அமைந்துள்ளது. மகாராட்டிரத்தில் இவ்வகைக் காடுகளை அழிப்பதற்குப் பம்பாய் உயர்நீதிமன்றம் 2005இல் இடைக்காலத் தடை விதித்தது. 2018இல் வழங்கிய தீர்ப்பில், அவ்வழிப்பு குடிமக்களின் அடிப்படை உரிமைக்கு ஊறு விளைப்பது என்று உரைத்தது. தண்டனைக்கு அஞ்சி வெட்டாதிருப்பவனும் கடமையென உணர்ந்து வெட்டாதிருப்பவனும் மரத்துக்கு ஒன்றே. அறத்துக்கும் அவர்கள் ஒன்றுதானா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

இயற்கைவள ஆய்வு நெடுங்காலம் மனிதனைத் தன்னலம் நாடுவோனாகவே கொண்டது. பொதுநிலம் அனைவர்க்கும் திறந்திருப்பின் அவரவர் ஆதாய வேட்கையால் அழியும் என்று காரெட் ஹார்டின் 1968இல் வாதிட்டார். இதனை ஏற்பின், புறக்கட்டுப்பாடு ஒன்றே வழியாகத் தோன்றும்.

ஆயின், புறக்கட்டுப்பாடு அகத்தையும் மாற்றவல்லது. இசுரேலின் ஹைஃபா நகரக் குழந்தைக் காப்பகங்களில், பிள்ளைகளைத் தாமதமாக அழைத்துச் செல்லும் பெற்றோர்க்குத் தண்டம் விதித்தபோது தாமதம் மிகுந்தது. தண்டத்தை நீக்கிய பின்னரும் அது குறையவில்லை. 2000இல் வெளிவந்த இவ்வாய்வின்படி, தண்டம் விலையாக மாறியவுடன் நாணம் விடைபெறுகிறது எனலாம். அபராதத்தைக் கட்டுமானச் செலவோடு சேர்த்து எண்ணுவோனிடமும் இதுவே நிகழக்கூடும்.

மறுபுறம், பொதுவளத்தைப் பயன்படுத்துவோரே விதி வகுத்துக் காக்க இயலும் என்பதை எலினார் ஆசுட்ரம் 1990இல் பல நாட்டுச் சான்றுகளால் நிறுவினார். பழவேற்காட்டு மீனவர் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிரும் ‘பாடு’ முறை நம்மிடையே உள்ள சான்றாகும். விளைவை அறிதலும் பொறுப்பை ஏற்றலும் கூடுமிடத்தே கடமையுணர்வு செயல்படும் என்பது சுவார்ட்சு என்னும் உளவியலாளரின் கோட்பாடு. கழியில் மீன்பிடிக்கும் கோலியர்க்கு, அலையாத்தி வேர்களிடையே மீன்குஞ்சு வளர்வது அன்றாட அறிவு; அடுக்ககவாசிக்கோ அக்காடு பெரும்பாலும் சன்னல் காட்சி மட்டுமே.

திருக்குறளின் ஒப்புரவறிதல் அதிகாரம், பதிலுதவி எதிர்பாராக் கடமைக்கு மழையைச் சான்றாக்குகிறது. அத்தகைய ஊக்கம் எல்லாரிடத்தும் உண்டெனக் கொள்வது பேதைமை. பெரும் ஆதாயம் நாடுவோர்முன் சட்டத்தின் அச்சம் இன்றியமையாதது. எவரிடத்தும் இல்லையெனக் கொள்வதோ, இருப்பதையும் அழிப்பதாகும். எனவே தண்டனை எத்தனை மரங்களைக் காத்தது என்பதோடு, அது எத்தகைய மாந்தரை உருவாக்கியது என்பதையும் ஆய்வுலகம் கேட்டாக வேண்டும்.