பளிங்கும் பசும்புல்லும்

மனிதனுக்கு முடிவில் ஆறடி மண் போதும் என்று நாம் அடிக்கடி சொல்லிக்கொள்கிறோம். அடுத்தவனுடைய பேராசையைக் கண்டிக்கும்போது இந்த வார்த்தை நம் வாயில் தாராளமாக வரும். ஆனால் நமக்கு வேண்டிய ஒருவர் கண்ணை மூடிவிட்டால், ஆறடி மண் போதாது என்று தோன்றிவிடுகிறது. ஒரு கல்லாவது நட வேண்டும். அந்தக் கல்லில் ஒரு பெயராவது இருக்க வேண்டும். வசதியிருந்தால் சுற்றிலும் நாலு பூச்செடி வைக்க வேண்டும். ஏழை ஒரு கல்லை நடுகிறான். சக்கரவர்த்தி தாஜ்மகாலைக் கட்டுகிறான். இரண்டுக்கும் அடியில் இருக்கும் ஏக்கம் ஒன்றுதான்.

இந்த ஏக்கம் நியாயமானதா? நியாயம் என்றால் அதற்கு எல்லை எது? ஒருவருடைய துக்கத்துக்காக ஒரு நாடு எவ்வளவு செலவு செய்யலாம்?

இஸ்லாமியச் சமாதிகளைப் பற்றிப் பேசும்போது இந்தக் கேள்விகளைத் தவிர்க்கவே முடியாது. அந்தச் சமயத்துக்குள்ளேயே ஆதி முதல் இவை கேட்கப்பட்டு வந்திருக்கின்றன. கல்லறையின் மேல் சுண்ணம் பூசுவதையும் கட்டடம் எழுப்புவதையும் தடுக்கும் நபிமொழிகள் உண்டு. மண்ணிலிருந்து வந்தவன் மண்ணுக்கே போகிறான். அங்கே அரசன் என்ன, ஆண்டி என்ன என்பது அதன் கருத்து. இவ்வளவு தெளிவாகச் சொல்லப்பட்டிருந்தும், புகாராவிலும் சாமர்கண்டிலும், டில்லியிலும் ஆக்ராவிலும், பிஜப்பூரிலும், உலகத்தின் மிக அழகான கல்லறைகள் எழுந்தன. மனித மனம் கட்டளையையும் மீற விரும்பவில்லை. ஆசையையும் விட விரும்பவில்லை. நடுவில் ஒரு சந்து கண்டுபிடித்தது.

அந்தச் சந்து இதுதான். உண்மையான கபர் கீழே, தரையோடு தரையாக இருக்கும். அதற்கு நேர் மேலே, கும்மட்டத்தின் அடியில், வேலைப்பாடுகள் நிறைந்த வெறும் கல் பேழை ஒன்று இருக்கும். நாம் பார்ப்பது அந்தப் பேழையைத்தான். வேறு சிலர் மேலே கூரை போடாமல் வானத்துக்குத் திறந்து விட்டார்கள். 1530-ல் ஆக்ராவில் இறந்த பாபரின் உடல், பிற்பாடு அவர் நேசித்த காபூல் நகரத்துக்குக் கொண்டுபோகப்பட்டது. அங்கே ஒரு மலைச்சரிவுத் தோட்டத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது.

இந்தக் கட்டடங்களின் அலங்காரத்திலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. நாம் ஒருவர் இறந்தால் அவர் படத்தைப் பெரிதாக்கி மாட்டி மாலை போடுகிறோம். தலைவர் என்றால் சிலை வைக்கிறோம். இந்தச் சமாதிகளில் அதற்கு இடமில்லை. தாஜ்மகால் முழுவதையும் சுற்றி வாருங்கள். மும்தாஜின் முகம் எங்கும் இல்லை. யாருக்காக அவ்வளவு பெரிய மாளிகை எழுந்ததோ, அவள் கறுப்பா சிவப்பா, உயரமா குட்டையா என்று சொல்ல அங்கே ஒரு கோடுகூடக் கிடையாது. இருப்பவை மூன்றே: பூக்கள், கோலம் போன்ற கோடுகள், எழுத்துகள்.

இந்த மூன்றை வைத்துக்கொண்டு அந்தச் சிற்பிகள் செய்திருக்கும் வேலை சாமானியமானதல்ல. மக்ரானாவிலிருந்து வந்த வெள்ளைச் சலவைக்கல்லைக் குடைந்து, அந்தப் பள்ளத்தில் வண்ணக் கற்களை மயிரிழை பிசகாமல் பதித்தார்கள். பதக்ஷான் மலையின் கருநீலக் கல், சிவப்புக் கல், பச்சைக் கல் என்று ஒரே பூவுக்குள் பல துண்டுகள். விரலால் தடவிப் பார்த்தால் கல்லோடு கல் சேர்ந்த இடம் தட்டுப்படாது. வாசல்களைச் சுற்றி ஓடும் எழுத்துகள் மேலே போகப் போகப் பெரிதாக்கப்பட்டிருக்கின்றன. கீழே நிற்பவன் கண்ணுக்கு எல்லாம் ஒரே அளவாகத் தெரிய வேண்டுமே என்ற அக்கறை! அந்த எழுத்துகளை வடித்த அமானத் கான், ஈரானிலுள்ள ஷீராஸிலிருந்து வந்தவர். கட்டடத்தில் கையெழுத்திட்டிருப்பவர் அவர் ஒருவர்தான். கல் தச்சர்கள் தங்கள் பெயரை எழுதவில்லை. நட்சத்திரம் போலவும் முக்கோணம் போலவும் சிறு குறிகளைக் கல்லில் கீறிவிட்டுப் போய்விட்டார்கள். அவர்களுடைய கைகளை அரசன் வெட்டிவிட்டான் என்ற கதைக்கு ஆதாரம் எதுவும் இல்லை. கதை கட்டி அழ வேண்டிய அவசியமும் இல்லை. உண்மையிலேயே யோசிக்க வேண்டிய விஷயம் வேறொன்று இருக்கிறது.

தாஜ்மகாலுக்குள் போகிறவன் முதலில் ஒரு பெரிய வாயிலைக் கடக்கிறான். அதன் தென்முகத்தில், அவன் தலைக்கு மேலே, திருக்குர்ஆனின் 89-ஆம் அத்தியாயம் முழுவதும் பொறிக்கப்பட்டிருக்கிறது. அமைதி பெற்ற ஆன்மாவைச் சொர்க்கத்துக்குள் அழைத்து முடிகிற அத்தியாயம் அது. சமாதியின் வாசலுக்குப் பொருத்தமானதுதான். ஆனால் அந்த அழைப்புக்கு முன்னால் அங்கே என்ன சொல்லியிருக்கிறது? தூண்களை நாட்டி நகரம் எழுப்பியவர்கள், பாறையைக் குடைந்து வீடு செய்தவர்கள், எகிப்தின் பிர்அவுன் ஆகியோர் அழிந்த செய்தி சொல்லப்படுகிறது. பிறகு, அநாதையை மதிக்காதவர்களுக்கும், ஏழைக்குச் சோறிடும்படி ஒருவரையொருவர் தூண்டாதவர்களுக்கும், பொருளின்மேல் மட்டற்ற ஆசை வைத்தவர்களுக்கும் கடுமையான கண்டனம் வருகிறது. அதே வாயிலின் மறுபுறத்தில் இருப்பது 93-ஆம் அத்தியாயம். அநாதையை ஒடுக்காதே, யாசித்து வந்தவனை விரட்டாதே என்பது அதன் உபதேசம்.

இப்போது காலத்தைப் பாருங்கள். மும்தாஜ் மகால் தன் பதினான்காவது குழந்தையைப் பெற்றுவிட்டு பர்ஹான்பூரில் இறந்தது 1631-ஆம் ஆண்டு. 1630 முதல் 1632 வரை தக்கணத்திலும் குஜராத்திலும் மழை பொய்த்துப் பெரும் பஞ்சம் தாண்டவமாடியது. எலும்பை இடித்து மாவோடு கலந்து விற்றார்கள் என்று ஷாஜகானின் அரசவைச் சரித்திரக்காரரான அப்துல் ஹமீது லாஹோரியே எழுதி வைத்திருக்கிறார். சக்கரவர்த்தி சும்மா இருக்கவில்லை. கஞ்சித் தொட்டிகள் திறந்தார். பர்ஹான்பூரில் திங்கட்கிழமைதோறும் 5,000 ரூபாய் வீதம் 20 வாரங்களில் ஒரு லட்சம் ரூபாய் தானம் செய்தார். சுமார் 70 லட்சம் ரூபாய் வரியைத் தள்ளுபடி செய்தார். இதையும் அதே லாஹோரிதான் எழுதியிருக்கிறார். தாஜ்மகாலுக்கு 50 லட்சம் ரூபாய் செலவாயிற்று என்று எழுதியவரும் அவரே. அதன் பராமரிப்புக்கு 30 கிராமங்களின் வருமானம் ஒதுக்கப்பட்டது.

கணக்கு இவ்வளவுதான். ஷாஜகானைக் கல்நெஞ்சன் என்று சொல்வதற்கில்லை. வரித் தள்ளுபடி தாஜ்மகாலைவிடப் பெரிய தொகை. ஆனால் செத்துப்போனவனுக்குத் தள்ளுபடி எதற்கு? பசித்தவன் கையில் நேராகப் போய்ச் சேர்ந்த காசு எவ்வளவு, ஒரு கல்லறைக்குப் போன காசு எவ்வளவு என்று பார்த்தால் நெஞ்சு கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. ஏழைக்குச் சோறிடு என்ற வாக்கியம் அந்த வாயிலிலேயே இருக்கிறது. அது யாருக்கும் உறுத்தாதபடி எழுத்தின் அழகு அதை மூடிவிட்டது. நாம் வளைவையும் நெளிவையும் பார்த்து, "ஆஹா!" என்று சொல்லி உள்ளே நுழைந்துவிடுகிறோம். அழகு உண்மையைச் சொல்லவும் சொல்கிறது. சொன்னதைக் கேட்கவிடாமல் செய்தும் விடுகிறது. அலங்காரத்தின் ஆபத்து இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பெருமைக்காகக் கட்டியவர்களின் கதி இன்னும் வேடிக்கை. பிஜப்பூரில் முகம்மது ஆதில் ஷா தமக்கென்று எழுப்பிய கோல் கும்பஸின் கும்மட்டம், வெளிப்புறம் 144 அடி குறுக்களவு கொண்டது. அவர் 1656-ல் காலமானார். இன்று அங்கே போகிறவர்கள் மாடத்தில் ஏறி நின்று கூவுகிறார்கள்; கூவியது பல தடவை எதிரொலித்துத் திரும்புகிறது. மன்னர் தம் பெயர் நிலைக்க வேண்டும் என்று கட்டிய இடத்தில், வந்தவர்கள் தங்கள் குரலைக் கேட்டுத் திருப்திப்பட்டுக்கொண்டு போகிறார்கள்!

தாஜ்மகால் என்ற கேள்விக்கு மும்தாஜின் வயிற்றிலிருந்தே பதில் பிறந்தது. மூத்த மகள் ஜஹானாரா, தாய் இறந்தபோது பதினேழு வயதுப் பெண். 1658-ல் ஷாஜகான் ஆக்ராக் கோட்டையில் சிறைவைக்கப்பட்ட பிறகு, 1666-ல் அவர் சாகும்வரை உடனிருந்தவள் அவளே. யமுனைக் கரையில் தெரியும் அந்த வெள்ளைக் கும்மட்டத்தை அவளைவிட அதிகமாகப் பார்த்தவர்கள் இருக்க முடியாது. 1681-ல் இறந்த அவளுடைய கல்லறை டில்லியில், நிஜாமுதீன் அவுலியாவின் தர்கா முற்றத்தில் இருக்கிறது. மேலே கூரையில்லை. பேழையின் மேற்புறம் மூடப்படாமல் மண் நிரப்பப்பட்டு, அதில் புல் வளர்கிறது. எளியவள் கல்லறைக்குப் புல்லே போதும் என்ற கருத்தை அங்கே கல்லில் பொறித்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் புல்லைச் சுற்றிச் சலவைக்கல் வேலைப்பாடு இல்லாமல் இல்லை. அரசகுமாரி எவ்வளவுதான் ஒதுங்கினாலும் பளிங்கு அவளைக் கொஞ்சம் துரத்திக்கொண்டு வந்திருக்கிறது!

மகன் ஔரங்கசீப் 1707-ல் இறந்து, குல்தாபாத்தில் ஒரு மகானின் தர்கா அருகே வெறும் மண்ணில் அடக்கமானார். இப்போது அங்கே காணப்படும் சலவைக்கல் தடுப்பு இருபதாம் நூற்றாண்டில் வைத்தது. அரசியலில் எதிர்த் துருவங்களாக நின்ற அக்காளும் தம்பியும் இந்த ஒரு விஷயத்தில் ஒன்றுபட்டார்கள். இருந்தாலும் எளிமையைக் கண்டதும் நாம் கும்பிட்டுவிட வேண்டியதில்லை. தக்கணத்து யுத்தங்களில் மடிந்தவர்களை ஒரு மண் கல்லறை எழுப்பித் தந்துவிடுமா? ஆடம்பரத்தைப் போலவே எளிமையும் ஒரு வேஷமாகலாம். மண்ணா பளிங்கா என்பதைவிட, வாழ்ந்தபோது அந்தக் கை என்ன செய்தது என்பதே பெரிய கேள்வி.

அரசர்களின் சமாதியை மக்கள் பார்க்கப் போகிறார்கள். மகான்களின் சமாதிக்கு மக்கள் பேசப் போகிறார்கள். பதேபூர் சிக்ரியில் சலீம் சிஷ்டியின் அடக்கத்தலத்தைச் சுற்றிப் பால்போன்ற கல்லில் வலைபோலப் பின்னிய சாளரங்கள். கலை நிபுணர்கள் அவற்றின் நுட்பத்தை வியக்கிறார்கள். குழந்தை வேண்டி வந்த பெண்ணுக்கு அந்த நுட்பம் தெரியாது. நூல் கட்ட ஒரு துவாரம் வேண்டும். அது அங்கே இருக்கிறது. நம் நாகூரிலும் ஐந்து மினாராக்களில் மிக உயர்ந்த 131 அடி மினாராவைக் கட்டியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங். வேற்றுச் சமயத்து மன்னர் ஒருவர், தமக்கு உறவில்லாத ஒரு மகானுக்காகக் கட்டியது அது. அதன் நிழலில் படுத்துக்கிடக்கும் பரதேசிக்கு அது யார் கட்டியது என்ற கவலை இல்லை.

பளிங்கே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தாஜ்மகால் இல்லாத உலகம் இதைவிட நியாயமான உலகமாக இருந்திருக்கும் என்றும் எனக்கு நம்பிக்கை இல்லை. அந்த 50 லட்சம் யானைக்கும் பீரங்கிக்கும் போயிருக்கலாம். ஆனால் ஒன்று மட்டும் நிச்சயம். இறந்தவருக்குச் செய்யும் மரியாதை, உயிரோடிருப்பவருக்குச் செய்யத் தவறியதற்கு ஈடாகாது. இது சக்கரவர்த்திகளுக்கு மட்டும் உரிய பாடமல்ல. தாயார் உயிரோடிருந்தபோது மாதம் ஒரு கடிதம் போட நேரமில்லாதவன், அவள் போன பிறகு சந்தனமாலை போட்ட படத்தைக் கூடத்தில் மாட்டுகிறான். கடன் வாங்கிப் பதினாறாம் நாள் விருந்து வைக்கிறான். அவனவன் சக்திக்கு அவனவன் ஒரு தாஜ்மகால்.

துக்கம் கல்லாகட்டும், பூவாகட்டும், குற்றமில்லை. ஆக்ராவுக்குப் போகும் வாய்ப்புக் கிடைத்தால், அந்தப் பெரிய வாயிலின் முன் கொஞ்சம் நில்லுங்கள். அரபு தெரிந்தவர் யாராவது அருகில் இருந்தால், மேலே எழுதியிருப்பதற்கு அர்த்தம் கேளுங்கள். கேட்டுவிட்டு உள்ளே போங்கள். பளிங்கின் அழகு அதனால் குறைந்துவிடாது.