கொடுத்தவர் யார்?

ஈகையின் சிறப்பு கொடுக்கும் பொருளில் உள்ளதா, கொடுக்கும் முறையில் உள்ளதா என்பது அறிஞர் நெடுங்காலமாக ஆராய்ந்து வரும் வினாக்களுள் ஒன்று. நம் திருமண வீடுகளில் மொய்ப் புத்தகம் உண்டு. யார் எவ்வளவு கொடுத்தார் என்பது அதிற் பதியப்படுகின்றது. கொடுத்தவர் வீட்டில் விசேடம் வருங்கால் அத்தொகை குறையாது திரும்புதல் வேண்டும். கோயில் விளக்கிலும் கொடுத்தவர் பெயர் எழுதியிருத்தலைக் காண்கின்றோம். இங்ஙனம் பெயரோடு கொடுத்துப் பழகிய நம்மிடையே, பெயரை மறைத்துக் கொடுக்கும் வழக்கம் ஒன்றும் சில இல்லங்களில் இருந்து வருகின்றது. அதுவே கிறிஸ்துமஸ் காலுறை வழக்கம்.

டிசம்பர் 24-ஆம் நாள் இரவு பிள்ளைகள் காலுறையொன்றைக் கட்டிலோரத்திலேனும் சன்னற் கம்பியிலேனும் தொங்கவிட்டு உறங்குவர். பெற்றோர் ஓசையின்றி வந்து மிட்டாய், ஆரஞ்சுப் பழம், பென்சில், விளையாட்டுச் சாமான் முதலியவற்றை அதனுள் இடுவர். விடிந்ததும், "கிறிஸ்துமஸ் தாத்தா கொடுத்தார்" என்பர்.

பனியும் புகைபோக்கியும் இல்லாத மலாக்காவில், வெறுங்காலோடு பால்மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் காலுறை தொங்கவிடுதல் நகைப்பிற்குரியதன்றோ எனச் சிலர் வினவுவர். இவ்வினாவில் பொருளில்லை. ரப்பர் மரமும் அயல்நாட்டிலிருந்து வந்ததே. 1896-இல் தான் சாய் யான் என்னும் சீனர் புக்கிட் லிந்தாங்கில் அதனை நட்ட பின்னரே அது மலாக்காவின் பயிராயிற்று. ஒரு வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதைவிட, அதனால் விளைவது யாது என்பதே நாம் ஆராயத்தக்கது.

இவ்வழக்கத்தின் வேராகச் சொல்லப்படும் கதை நம்மவர் செவியில் ஆழமாகப் பதியத்தக்கது. நான்காம் நூற்றாண்டில் சின்ன ஆசியாவின் மீரா நகரில் நிக்கொலாஸ் என்னும் கிறிஸ்தவ ஆயர் இருந்தார். அவ்வூர் இன்றைய துருக்கி நாட்டில் உள்ளது. வறுமையுற்ற ஒருவனுக்கு மூன்று பெண்மக்கள். சீதனம் கொடுக்க வழியில்லை. அவர்களை இழிதொழிலுக்கு விடுவதன்றி வேறு வழியில்லை என அவன் கலங்கியிருந்த வேளையில், நிக்கொலாஸ் இரவில் சன்னல் வழியே பொன் முடிப்பொன்றை எறிந்தார். மூத்தவள் மணம் முடிந்தது. மறுமுறையும் அவ்வாறே நிகழ்ந்தது. மூன்றாம் முறை தகப்பன் விழித்திருந்து அவரைக் கண்டுகொண்டான். அவரோ, தாம் உயிரோடிருக்குமளவும் இதனை எவர்க்கும் வெளியிடலாகாது என்று வேண்டிக்கொண்டாராம். எறிந்த பொன் உலர வைத்திருந்த காலுறைக்குள் விழுந்தது என்பது பிற்காலத்தார் சேர்த்தது.

சீதனக் கொடுமை நமக்கு மட்டும் உரியதன்று என்பதை இக்கதை காட்டுகின்றது. அதனினும் மேலான நீதி ஒன்றும் இதில் உண்டு. அவர் பெயரை மறைத்தது ஏன்? பெறுபவன் தலைகுனியாதிருத்தற் பொருட்டே. கொடுத்தவன் முகம் தெரிந்தால், பெற்றவன் அம்முகத்தைக் காணுந்தோறும் கடன்பட்டவனாகின்றான். மறைந்த கை அவன் மானத்தையும் காத்தது.

நிற்க. இன்றைய காலுறை வழக்கில் மறைவு மட்டும் இல்லை, பொய்யும் கலந்துள்ளது. குழந்தையை மகிழ்விக்கக் கூறும் பொய் குற்றமோ என்பர் சிலர். வள்ளுவரும், குற்றமற்ற நன்மை விளையுமிடத்துப் பொய்மையை வாய்மையின் பக்கத்தில் வைத்தெண்ண இடந்தந்துள்ளாரன்றோ என்பர். நன்று, அவ்வளவுகோலையே கொண்டு அளப்போம். இப்பொய்யால் விளையும் நன்மை குற்றமற்றதா?

"நல்ல பிள்ளைகளுக்கே தாத்தா கொடுப்பார்" என்று நாம் சொல்லி வைக்கின்றோம். ஒரே வகுப்பிற் பயிலும் இரு சிறுவரை எண்ணிப் பாருங்கள். ஒருவனுக்கு மிதிவண்டி கிடைத்தது. மற்றவனுக்கு இரண்டு பென்சில். கொடுத்தவர் ஒரே தாத்தா எனின், இரண்டாமவன் என்ன முடிவிற்கு வருவான்? 'நான் நல்ல பிள்ளையல்லன்' என்றன்றோ எண்ணுவான்! தகப்பனுடைய கூலியின் குறைவு மகனுடைய குணத்தின் குறைவாக மாறிவிடுகின்றது. வறுமைக்கு ஊழ்வினையே காரணம் என்று பெரியவர்களுக்குச் சொல்லப்பட்டு வந்த கதைக்கும் இதற்கும் வேற்றுமை யாது? செல்வர் வீட்டுக் குழந்தைக்கு இனிக்கும் அப்பொய், கூலிக்காரன் வீட்டுக் குழந்தையைக் குத்துகின்றது. ஆதலின் அதனைக் குற்றமற்ற நன்மை எனல் பொருந்தாது.

அங்ஙனமாயின் காலுறையை எறிந்துவிட வேண்டுமோ? வேண்டா. பொய்யை நீக்கி மறைவை வைத்துக்கொள்ளலாம். வீட்டில் எல்லோரும் ஒவ்வொரு காலுறை தொங்கவிடட்டும். தந்தை, தாய், பாட்டி, பிள்ளைகள் யாவரும் பிறர் காலுறையில் தம்மால் இயன்றதைப் பெயரின்றி இடட்டும். "யார் கொடுத்தார்?" என்று குழந்தை கேட்டால், "உன்மேல் அன்புள்ள ஒருவர்" என்று சொல்லுங்கள், அது முழு உண்மை. பெறுவதற்கு மட்டும் காத்திருந்த குழந்தை, அன்று தாத்தாவின் வேலையைத் தானும் செய்யக் கற்றுக்கொள்ளும். பாட்டி காலையில் தன் காலுறையிற் கண்டெடுக்கும் ஒரு வெற்றிலைச் சுருள், கடையில் வாங்கிய பொம்மையினும் பெரிய பாடமாகும்.

இது கிறிஸ்தவ இல்லங்களுக்கு மட்டும் உரிய பேச்சன்று. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் எளிய குடும்பத்திற்கு அரிசியும் துணியும் கொடுத்துவிட்டு, பெறுபவரை வரிசையில் நிறுத்திப் படம் பிடிக்கும் சங்கத்தார்க்கும் இது பொருந்தும். அப்படத்தில் நிற்கும் தாயின் பிள்ளை மறுநாள் பள்ளி செல்ல வேண்டியவன் என்பதை அவர்கள் எண்ணுதல் வேண்டும். மூட்டையை இருட்டிய பின் வாசலில் வைத்துச் செல்ல எவ்வளவு செலவாகும்? கொடுத்தவர் பெயர் மறையும். பெற்றவர் மானம் நிற்கும். கொடுக்க மனமுள்ளோர் இம்முறையைக் கைக்கொள்வாராக.