வலிமைக்கேற்ற வேலை

பொருளைக் கடனாகப் பெற்றவன் அதனைத் திருப்பிக் கொடுத்த நாளிலே கடனினின்றும் விடுபடுகிறான். ஆனால், நம் பொருட்டு உழைக்கையில் கையையோ காலையோ இழந்த ஒருவனுக்கு நாம் பட்ட கடன் எந்நாளில் தீர்கிறது? மருத்துவமனையிலிருந்து அவன் வீடு திரும்பும் நாளிலா? இழப்பீட்டுத் தொகை அவன் கையிற் சேரும் நாளிலா? அல்லது அவ்விரண்டிற்கும் பிற்பட்ட வேறொரு நாளிலா? இவ்வினா சட்டம் கற்றவர்க்கு மட்டும் உரியதன்று. பிறர் உழைப்பால் விளைந்ததை உண்டு உடுத்து வாழும் நம் அனைவர்க்கும் உரியது. ஆதலின் இதனைச் சிறிது ஆராய்வோம்.

சித்தூர், திருப்பதிப் பகுதிகளை எடுத்துக்கொள்வோம். 1911 வரை வட ஆர்க்காட்டு மாவட்டத்தின் தலைநகராயிருந்த சித்தூரும், 2022 ஏப்ரலில் தனி மாவட்டமான திருப்பதியும் தமிழர்க்கு அயலிடங்கள் அல்ல. மாங்கனியைக் கூழாக்கும் ஆலைகள் இங்கே உண்டு. கரும்பைப் பிழிந்து வெல்லம் காய்ச்சும் கொட்டகைகள் உண்டு. குப்பத்தைச் சூழக் கருங்கற் குவாரிகள் உண்டு. நகரியிலும் புத்தூரிலும் விசைத்தறிகள் ஓடுகின்றன. 2008இல் தோன்றிய ஸ்ரீசிட்டியில் புதிய தொழிற்சாலைகள் எழுந்துள்ளன. இவை ஒவ்வொன்றும் ஆயிரம் குடும்பங்களுக்குச் சோறிடுகின்றன. ஒவ்வொன்றிலும் அதற்குரிய ஆபத்தும் உண்டு. கரும்பு பிழியும் உருளை விரலைப் பற்றும். குவாரியிற் கல் சரியும். கட்டடச் சாரத்திலிருந்து கால் தவறும்.

மருத்துவத்திற்கு இங்கே பஞ்சமில்லை. முறிந்த எலும்பைச் சேர்க்கும் புத்தூர்க் கட்டைத் தமிழ் நாட்டிலும் அறியாதார் இலர். திருமலை திருப்பதி தேவஸ்தானம் 1985இல் திருப்பதியில் நிறுவிய பர்ட் மருத்துவமனை, எலும்பு மூட்டுக் குறைகளுக்கு அறுவை செய்வதோடு செயற்கைக் கால்களையும் பொருத்தித் தருகிறது. சித்தூரிலிருந்து சிறிது நேரப் பயணத்தில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இவ்வளவும் இருந்தும், கால் பெற்றவர் பலர் வேலை பெறுவதில்லை. நடக்கக் கற்றவன் காலையில் எங்கே நடந்து செல்வது? இதுவே நம் முன் நிற்கும் குறை.

இந்நிலையில் நம்மவர் வாயில் எளிதாக எழும் சொல் ‘அவன் வினை’ என்பது. அச்சொல் ஆறுதல் போலத் தோன்றினும், கடமையைத் தட்டிக் கழிக்கவே பெரும்பாலும் பயன்படுகிறது. மோலிய சீவகன் என்னும் துறவி பகவரை அணுகி, மனிதன் நுகரும் இன்ப துன்பம் யாவும் முன்செய்த வினையின் பயனே என்று சிலர் கூறுவது பற்றி வினவியபோது, அக்கொள்கையை அவர் ஏற்கவில்லை. பித்தம், சிலேத்துமம், வாதம், இம்மூன்றின் கலப்பு, பருவ மாறுதல், உடலை முறைகேடாக நடத்துதல், பிறர் தாக்குதல், வினைப்பயன் என எட்டுக் காரணங்களை அவர் எடுத்துக் காட்டினார். வினை அவ்வெட்டினுள் ஒன்று, அவ்வளவே. மூடி இடப்படாத உருளையில் நசுங்கிய விரலுக்குக் காரணம் தேட முற்பிறப்பிற்குச் செல்ல வேண்டுவதில்லை. அம்மூடியின் விலையை விசாரித்தாலே போதும்.

மேனாட்டாரும் நெடுங்காலம் இதனையொத்த ஒரு சாக்கைக் கூறி வந்தனர். தொழிலாளி ஆபத்தை அறிந்தே வேலைக்கு வந்தான், ஆகவே அவ்வாபத்தை அவனே ஏற்றுக்கொண்டான் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கில நீதிமன்றங்கள் தீர்ப்பளித்தன. நாம் வினை என்றதை அவர்கள் சம்மதம் என்றனர். காயம்பட்டவனுக்கு விளைந்த பயன் ஒன்றே. 1884இல் ஜெர்மனியிலும், 1897இல் இங்கிலாந்திலும், 1923இல் இந்தியாவிலும் இயற்றப்பட்ட சட்டங்கள் அச்சாக்கை அகற்றின. வேலையின் காரணமாக, வேலை செய்கையில் நேர்ந்த காயத்திற்கு, முதலாளியின் பிழையை மெய்ப்பிக்காமலே ஈடு பெறலாம் என்பது அவற்றின் கருத்து. நம் நாட்டுத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் 2009ஆம் ஆண்டுத் திருத்தத்தாற் புதுப்பெயர் பெற்றது; அதன் ஏற்பாடுகள் பின்னர் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பினுள் இடம் பெற்றன.

1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதல் அட்டவணையைப் படிப்பவர் மனம் சற்றே கலங்கும். கட்டைவிரல் போனால் உழைத்துப் பொருளீட்டும் ஆற்றலில் நூற்றுக்கு 30 குறைந்தது, சுட்டுவிரல் முழுதும் போனால் 14, நடுவிரலுக்கு 12, ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50, மற்றொரு கண் நன்றாயிருக்க ஒரு கண் போனால் 40 என்று அது வரையறுத்தது. இதனைக் குறை கூறுவதற்கில்லை. அளவு என ஒன்று இல்லாவிடில் வலியவன் கொடுத்ததே ஈடாகிவிடும். ஆயினும் அவ்வட்டவணை இழந்ததை மட்டுமே அளந்தது. எஞ்சிய விரல்களால் அம்மனிதன் எதனைச் செய்யக்கூடும் என்ற வினாவிற்கு அதில் இடமில்லை. அறுந்த இழையை நொடியில் முடிய வேண்டிய நெசவாளிக்குக் கட்டைவிரலே தொழில், வாயிற்காவலனுக்கு அவ்வாறன்று. இருவர்க்கும் அட்டவணையில் 30 தான்.

இ.எஸ்.ஐ. என வழங்கும் காப்பீட்டுத் திட்டத்திற்கு அடிகோலிய 1948ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஓரடி முன் சென்றது. காயத்தால் வேலைக்கு வர இயலாத நாட்களுக்குப் பணவுதவியும், நிரந்தர ஊனத்திற்கு மாத உதவியும் அதனால் வாய்த்தன. அந்நாட்களில் தொழிலாளியை வேலைநீக்கம் செய்யலாகாது என்றும் அது தடுத்தது. நல்ல ஏற்பாடே. ஆனால் உடல் தேறியது என்று மருத்துவர் சான்று எழுதிய மறுநாள், பழைய வேலையைச் செய்ய இயலாதவனுக்கு எவ்வேலை தருவது என்பதைப் பற்றி அத்தடை ஒன்றும் பேசவில்லை. அம்மறுநாளே நம் ஆராய்ச்சிக்கு உரியது.

இராசகிருகத்தில் ஆறு திசைகளையும் வணங்கி நின்ற சிகாலன் என்னும் இல்லறத்தானுக்கு, அத்திசைகளின் உட்பொருளைப் பகவர் விளக்கினார். அப்போது வேலையாட்களைக் கீழ்த்திசையாக வைத்து, தலைவன் அவர்க்குச் செய்யவேண்டிய கடன் ஐந்து என்றார். வலிமைக்குத் தக்க வேலை தருதல், உணவும் ஊதியமும் அளித்தல், நோயுற்றபோது பேணுதல், அரிய உணவைப் பகிர்ந்து கொடுத்தல், உரிய காலத்தில் ஓய்வளித்தல் என்பன அவை. கீழ்த்திசை என்றதில் இழிவு கருத வேண்டுவதில்லை. நாம் நிற்கும் நிலம் அத்திசையிலேதான் இருக்கிறது.

இவ்வைந்தின் வரிசையைக் கவனிக்க வேண்டும். நோயிற் பேணுதல் மூன்றாவது. வலிமைக்குத் தக்க வேலை தருதல் முதலாவது. ஊதியத்தையும் மருத்துவத்தையும் பற்றி நம் சட்டங்கள் ஒருவாறு பேசிவிட்டன. முதற்கடனோ பெரும்பாலும் மறக்கப்பட்டுவிட்டது. வலிமை மாறினால் வேலையும் மாறவேண்டும் என்பதே அதன் பொருள். ஆகவே, காயம் தலைவனை அக்கடனினின்றும் விடுவிப்பதில்லை. அதனை மீண்டும் முதலிலிருந்து தொடங்குமாறு செய்கிறது.

இஃது ஏட்டளவான பேச்சன்று என்பதற்கு வேலூரே சான்று. அங்கே டாக்டர் பால் பிராண்டு, தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவையால் நிமிர்த்தி வந்தார். விரல் நிமிர்ந்தவர் சிலர் திரும்பி வந்து முறையிட்டனர். மடங்கிய கைக்குப் பிச்சையாவது கிடைத்தது. நிமிர்ந்த கைக்கு அதுவும் இல்லை. நோயின் பெயர் கேட்டு வேலை தருவாரும் இல்லை. கையைச் செம்மை செய்வது மட்டும் போதாதென உணர்ந்த அவர், நவஜீவ நிலையத்தைத் தொடங்கி, அவர்க்குத் தச்சு முதலிய தொழில்களில் பயிற்சி அளிக்க வழி செய்தார்.

அங்கேயே டாக்டர் மேரி வர்கீஸ் என்னும் அம்மையார் மகளிர் மருத்துவத்தில் பயிற்சி பெற்று வந்தார். 1954இல் நேர்ந்த சாலை விபத்தில் தண்டுவடம் பழுதுற்று அவர் கால்கள் செயலிழந்தன. நின்று செய்யும் அறுவை இனி அவரால் இயலாது. ஆனால் கையில் செய்யும் அறுவை அமர்ந்து செய்யத்தக்கது. பிராண்டு அதனை எண்ணி, சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளர் கைகளுக்கு அறுவை செய்ய அவரைப் பழக்கினார். பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பிய அவ்வம்மையார், வேலூரில் அத்துறைக்குத் தலைமை ஏற்றார். 1966இல் மறுவாழ்வு நிலையம் ஒன்று அங்கே திறக்கப்பட்டது. 1972இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவர் இழந்தது பெரிது என்பதை எவரும் மறைக்கவில்லை. எஞ்சியது எது, அதற்கு ஏற்ற வேலை எது என்று மட்டும் ஒருவர் வினவினார். ஒரு வாழ்க்கை அவ்வினாவினால் திரும்பியது.

‘அவர் படித்த மருத்துவர், கூலியாளுக்கு இது பொருந்துமா?’ என்று கேட்கலாம். பொருந்தும். விசைத்தறியில் நின்று உழைக்க இயலாதவன் அமர்ந்து நூல் சுற்றலாம். மாங்கூழ் ஆலையில் மூட்டை தூக்கி முதுகு கெட்டவன் கனி பிரிக்கலாம். எடைக் கணக்கு எழுதலாம். அங்கே கைக்காயம் பட்ட பெண்ணுக்கும் இதுவே முறை. இருபதாண்டு குவாரியில் உழைத்தவனுக்குக் கல்லின் குணம் தெரியும். எப்பாறை சரியும், எங்கே நிற்கலாகாது என்பதைப் புதியவர்க்குக் கற்பிக்க அவனினும் தக்கவர் யார்? அவன் தொழிலறிவு முழுதும் இழந்த காலிலே இருந்ததன்று. முதல் வாரங்களில் அரைநாள் வேலை, பின்னர் முழுநாள், இரவு வேலை இறுதியில் என்று படிப்படியாகக் கூட்டுவதும் வலிமைக்கேற்ற வேலையின் ஒரு முறையே. அளவறியாது முதல் நாளிலேயே பழைய பாரத்தை ஏற்றுவதும், என்றைக்கும் வேண்டாம் என ஒதுக்குவதும் ஒரே பிழையின் இரு வடிவங்கள்.

ஜெர்மனியில் 2004 முதல், ஓராண்டிற்குள் ஆறு வாரத்திற்கு மேல் நோயால் வேலைக்கு வர இயலாதவரை அழைத்து, அவர் எவ்வாறு வேலையில் நிலைக்கலாம் என்று கலந்து ஆராய்வது முதலாளியின் கடமையாக்கப்பட்டது. நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பணிக்காலத்தில் ஊனமுற்ற அரசு நிறுவன ஊழியரை நீக்கலாகாது. பழைய ஊதியத்தோடு வேறு பணிக்கு மாற்றவேண்டும் என்கிறது. நிறக்குருடு காரணமாக வெளியேற்றப்பட்ட தெலங்கானாப் போக்குவரத்துக் கழக ஓட்டுநர் ஒருவர் வழக்கில், மாற்றுப் பணி தேடிப் பாராமல் நீக்கியது தவறென 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு ஊழியருக்கு அறமானது வெல்லக் கொட்டகைத் தொழிலாளிக்கு மட்டும் அறமாகாதா?

சிறு தொழில் நடத்துவோர், ‘இரண்டு பேர் வேலை செய்யும் இடத்தில் மாற்று வேலைக்கு எங்கே போவது?’ என்பர். இது பொய்ச்சாக்கு அன்று. ஒருவரால் இயலாததை ஊரிலுள்ள பத்துத் தொழிலதிபர் சேர்ந்து செய்யலாம்; ஓரிடத்தில் இல்லாத வேலை அடுத்த இடத்தில் இருக்கும். ஆனால் எதனையும் தேடிப் பாராமல் இல்லையென்பதற்கு நியாயம் இல்லை. மற்றொரு புறம், இரக்கத்தின் பெயரால் வாயிலில் ஒரு முக்காலி இட்டு அமர்த்தி, செய்வதற்கு ஒன்றும் தராமல் கூலி கொடுப்பதும் முறையன்று. அது வேலையல்ல, பிச்சையே. பெறுபவன் அதனை ஒவ்வொரு நாளும் உணர்வான்.

தொழிலாளிக்கும் கடன் உண்டு. மருந்தை ஒழுங்காக ஏற்று, தன் நிலையைப் பேணுபவரிடம் மறையாது கூறி, வலியைப் பொறுப்பவனே நல்ல நோயாளி என்று விநய நூல் வகுக்கும். இயன்முறைப் பயிற்சி வலி தருவது; அதனைப் பாதியில் விட்டவன் கை இறுகிப்போம். உடன் உழைப்போர்க்கும் கடன் உண்டு. திரும்பி வந்தவனை ஏளனமாக நோக்கும் ஒரு பார்வை, மருத்துவர் ஓராண்டு செய்த பணியை ஒரே நாளில் அழித்துவிடும்.

இவை யாவற்றினும் இரங்கத்தக்கவன் எப்பதிவேட்டிலும் பெயரில்லாத கூலியாள். விபத்து நேர்ந்த மறுநாள் ஒப்பந்தக்காரனைக் காண முடிவதில்லை. ஆலைக்காரரோ, அவன் எம் ஆள் அல்லன் என்பார். ஆனால் தம் தொழிலின் பகுதியான வேலையை ஒப்பந்தக்காரர் வழியாகச் செய்விக்கும் முதலாளியே அத்தொழிலாளிக்கும் ஈடு தரவேண்டும் என்று 1923ஆம் ஆண்டுச் சட்டமே விதித்தது. விபத்து நேர்ந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கோரிக்கை வைக்கவேண்டும் என்றும் அது வரையறுத்தது. இதனை அறியாமையால் இழந்தவர் பலர்.

எனவே அன்பர்கள் செய்யத்தக்கது யாது? நம் தெருவில் ஒருவர் காயமுற்று வீட்டிலிருந்தால், மாதங்கள் கழியும்வரை காத்திராமல் சென்று காண்போம். வேலையை விட்டு நீங்கிய நாட்கள் பெருகப் பெருக, திரும்பும் துணிவு குறைந்துகொண்டே போகும். தொழிலாளர் அலுவலகத்திற்கு அவரோடு துணையாகச் செல்வோம். விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்க்கு எழுதிக் கொடுப்போம். முதலாளி நமக்கு அறிமுகமானவராயின், தொகையைப் பற்றி மட்டும் பேசாமல், ‘இவரால் இப்போது எது இயலும்?’ என்று கேட்போம்.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு இப்போது விடை கூறலாம். மருத்துவமனையை விட்டு வந்த நாளில் அக்கடன் தீர்வதில்லை. ஈட்டுத்தொகை பெற்ற நாளிலும் தீர்வதில்லை. எஞ்சிய வலிமைக்கேற்ற வேலையைச் செய்து, தன் உழைப்பால் ஈட்டிய கூலியை அவன் தன் வீட்டிற்குக் கொண்டு சேர்க்கும் நாளிலேயே தீரத் தொடங்குகிறது. அந்நாள் விரைவில் வர நாம் ஒவ்வொருவரும் முயல்வோமாக.