காண்பதும் கொள்வதும்

இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களுள் மிகுபொருள் விரும்பாமையும் ஒன்றாகும். நிலம், வீடு, பொன் ஆகியவற்றை எண்ணி வரையறுத்துக் கொள்ளலாம். கண்ணால் காணும் அழகுக்கு வரையறை செய்வது எங்ஙனம்? அழகிய பொருளைக் காண்பது பற்றை வளர்க்குமா, தளர்த்துமா? இன்று நம் குடும்பத்தாருள் சிலர் ஐரோப்பிய நகரங்களுக்குச் சென்று, ஆங்குள்ள கலைக்கூடங்களைக் கண்டு வருகின்றனர். ஆதலின் இவ்வினா நாம் ஆராய்தற்குரியது.

நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் 1885-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் 'யூத மணமகள்' என வழங்கும் ஓவியம் உள்ளது. ஆடவன் ஒருவன் ஒரு கையைப் பெண்ணின் தோளிலும் மறு கையை அவள் நெஞ்சின்மீதும் வைத்திருக்கிறான். அவள் விரல்கள் அக்கையை மெல்லத் தொடுகின்றன. நம் வினாவை ஆராய இவ்வோர் ஓவியமே போதும். மூவர் வாழ்வு இதனோடு பின்னிக் கிடக்கிறது.

முதலாமவர் இதனை வரைந்த ரெம்பிராண்ட். இவர் 1639-இல் 13,000 கில்டர் விலைக்குப் பெரிய வீடொன்றை வாங்கினார். சிலைகள், ஓவியங்கள், ஆயுதங்கள், கடற்சிப்பிகள் என அரும்பொருள்களைக் குவித்தார். கடன் தீராமல் 1656-இல் நொடித்துப் போனார். அதிகாரிகள் அவருடைய உடைமைகளை 363 இனங்களாகப் பட்டியலிட்டனர். அவை ஏலம் போயின. பின்னர் வீடும் விலைபோயிற்று. 1669-இல் மறைந்தபோது பெயர் பொறிக்காத கல்லறையே அவருக்கு வாய்த்தது. அவ்வீடு இன்று ஓர் அருங்காட்சியகம். அன்று எழுதிய பட்டியலைக் கொண்டே அதன் அறைகளை மீண்டும் நிரப்பியுள்ளனர். 'யூத மணமகள்' அனைத்தையும் இழந்த பிற்காலத்தில் வரையப்பட்டது என்பதை நாம் கருத வேண்டும். கைப்பொருள் போயிற்று, காணும் திறன் போகவில்லை.

இரண்டாமவர் வான் டெர் ஹோப் என்னும் வங்கியாளர். தாம் சேர்த்த ஓவியங்களை, இதனையும் உள்ளிட்டு, 1854-இல் ஆம்ஸ்டர்டாம் நகருக்கே உயில்வழி அளித்துச் சென்றார். சேர்ப்பார் இல்லையேல் அருங்காட்சியகம் ஏது எனச் சிலர் கேட்கலாம். அது மெய்யே. ஆயினும் சேர்த்தவர் கைவிட்ட பின்னரே அது அனைவர்க்கும் உரிய காட்சியாயிற்று. சேர்த்தலைத் தூய்மையாக்குவது ஈதலே அன்றோ?

மூன்றாமவர் வறுமையில் உழன்ற ஓவியர் வின்சென்ட் வான்கோ. 1885-இல் இதன்முன் அமர்ந்தவர் எழ மனமின்றி இருந்துவிட்டார். உலர்ந்த ரொட்டித் துண்டை மட்டும் உண்டு பதினான்கு நாள் இங்கு இருக்க, வாழ்நாளில் பத்தாண்டுகளைத் தரவும் விழைவதாகக் கூறினார் என உடன்சென்ற நண்பர் எழுதியுள்ளார். இதுவும் பற்றே அன்றோ? ஆம், பற்றே. பரிக்கிரகம் என்பது பொருளன்று, பொருள்மேல் எழும் மயக்கமே என்பது நம் அறநூல் கொள்கை. எனவே காட்சியும் கட்டக்கூடும். எனினும் ஒரு வேற்றுமை உண்டு. ஒருவர் பொன்னைக் கொண்டால் மற்றவர்க்குக் குறையும்; ஒருவர் ஓவியத்தைக் கண்டால் அடுத்தவர்க்கு எள்ளளவும் குறைவதில்லை. உடைமை வேட்கையிலிருந்து விடுபட விழைவோர்க்கு இஃது ஒரு படியாகலாம்.

ஆனால் நாம் காணும் முறை எத்தகையது? ஒரே நாளில் இரண்டு மூன்று கூடங்களுக்கு விரைகிறோம். ஓவியத்தைப் பார்க்குமுன் கைபேசியில் படம் பிடிக்கிறோம். 'எல்லாவற்றையும் பார்த்தாயிற்று' என ஊர் திரும்பிக் கூறுவதில் பெருமை கொள்கிறோம். கண்டவற்றை எண்ணிக்கையாகச் சேர்க்கும் இவ்வேட்கையும் பரிக்கிரகமே. 363 இனங்களின் பட்டியலுக்கும் இதற்கும் வேறுபாடு சிறிதே.

ஆகவே பிள்ளைகளோடு செல்லும் பெற்றோர் காட்சிக்கும் ஓர் அளவு வகுத்துக் கொள்வது நன்று. ஒரு நாளுக்கு ஒரு கூடம். அக்கூடத்தில் மூன்று அல்லது நான்கு ஓவியங்கள். அவற்றின்முன் அமர்ந்து, வரைந்தவர் யார், அது யார் கைகளில் இருந்தது, எவ்வாறு இங்கு வந்தது எனப் பிள்ளைகளிடம் எடுத்துரைக்கலாம். பின்னர் எழுந்து, அடுத்து வருவோர்க்கு இடம் விட்டு நகரலாம். கண்டதை விட்டு நகரும் அப்பழக்கம் இல்லம் திரும்பிய பின்னும் நமக்குத் துணையாகுக.