கோப்பும் குயவனும்

2014ஆம் ஆண்டு பெர்லின் யூத அருங்காட்சியகத்தில் ஒரு தொழிற்சாலை ரோபோ பேனா பிடித்து எழுதிக்கொண்டிருந்தது. எழுதியது யூதர்களின் வேதமான தோராவை. மொத்தம் 3,04,805 எழுத்துகள். ‘ரோபாட்லேப்’ என்ற ஜெர்மன் கலைஞர் குழு அமைத்த காட்சி அது. 80 மீட்டர் காகிதச் சுருளை ஏறத்தாழ மூன்று மாதத்தில் எழுதி முடிப்பதாகத் திட்டம். பயிற்சி பெற்ற எழுத்தர் ஒருவருக்கு அதே வேலைக்கு ஓராண்டு பிடிக்கும். ரோபோவுக்குக் கை நடுங்காது, வரி கோணாது, எழுத்து விடுபடாது. ஆனாலும் அந்தச் சுருளை எந்த யூதத் தொழுகைக் கூடமும் ஏற்றுக்கொள்ளாது.

காகிதத்துக்குப் பதில் தோலும், உலோக முனைக்குப் பதில் இறகும் கொடுத்தாலும் நிலை மாறாது. தோரா எழுதுபவர், இந்தப் புனித நோக்கத்துக்காகவே எழுதுகிறேன் என்று வேலையைத் தொடங்கும்போது வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இறைவனின் பெயர் வரும் இடங்களில் அந்த நினைப்பைத் தனியே புதுப்பித்துக்கொள்ள வேண்டும். நினைப்பில்லாமல் எழுதிய பெயர் செல்லாது. இத்தனைக்கும், எழுதி முடித்த தாளைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க வழி கிடையாது. எழுத்துக்கு எழுத்து ஒத்த இரண்டு சுருள்களில் ஒன்று வேதமாகவும் மற்றொன்று வெறும் காட்சிப்பொருளாகவும் இருக்க முடியும்.

தமிழ்நாட்டுக் கோயில் மரபுக்கு இந்த எண்ணம் அந்நியமானதல்ல. சுவாமிமலை ஸ்தபதி மெழுகில் உருப்பிடித்து, காவிரி வண்டல் பூசி, மெழுகை உருக்கி வடித்து, உலோகம் வார்த்து, செதுக்கி முடித்த பின்னும் அது சிலைதான். கண் திறப்பும் பிரதிஷ்டையும் ஆன பிறகே அது மூர்த்தி. ஆக, பொருள் சரி, வடிவம் சரி என்ற பிறகும் ஏதோ ஒன்று மிச்சமிருக்கிறது. அந்த ஒன்று எது, அது யாரிடம் இருக்க வேண்டும் என்ற பழைய கேள்வியைக் கணினிகள் இப்போது வேறொரு வாசல் வழியாக உள்ளே கொண்டுவந்திருக்கின்றன.

கணினி நெடுங்காலம் எண்களோடும் எழுத்துகளோடும் மட்டும் புழங்கியது என்று நினைப்பது தவறு. 1952லேயே அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வகம் ஒன்றில், துளையிட்ட நாடாவில் இருந்த கட்டளைகளைப் படித்து உலோகத்தைக் குடையும் மில்லிங் இயந்திரத்தைக் காட்டினார்கள். கோயம்புத்தூர் பட்டறைகளில் இன்று ‘சிஎன்சி’ என்று சொல்லப்படும் இயந்திரங்களுக்கு அதுதான் மூதாதை. ஆனால் அது ஆலைக்கான கருவி. தனி மனிதரின் மேசைக்கு அது வந்து சேர அரை நூற்றாண்டு ஆயிற்று.

1998இல் அதே எம்ஐடியில் நீல் கெர்ஷன்ஃபெல்ட் என்ற இயற்பியலாளர், ‘ஏறத்தாழ எதையும் செய்வது எப்படி’ என்ற தலைப்பில் ஒரு வகுப்பைத் தொடங்கினார். லேசர் வெட்டி, மில்லிங் இயந்திரம், மின்சுற்று செய்யும் கருவிகள் ஆகியவற்றைச் சில ஆய்வு மாணவர்களுக்குக் கற்றுத்தருவது நோக்கம். வந்தவர்களோ நூறு பேர் வரை. அவர்களில் பலர் பொறியியல் பக்கமே போகாதவர்கள். கெல்லி டாப்சன் என்ற கலைஞர், மார்போடு அணிந்துகொள்ளும் ஒரு பையைச் செய்தார். கத்த வேண்டும்போல் இருக்கும்போது அதற்குள் கத்தலாம்; வெளியே கேட்காது. பை அதைப் பதிந்து வைத்துக்கொண்டு, பிறகு தோதான இடத்தில் திறந்துவிடும். இதை விற்கச் சந்தை கிடையாது. தனக்கு ஒன்று வேண்டியிருந்தது, செய்துகொண்டார். கெர்ஷன்ஃபெல்ட் இதற்குத் ‘தனிநபர் உற்பத்தி’ என்று பெயர் வைத்தார். 2001இல் அவர் தலைமையில் ‘பிட்ஸ் அண்ட் ஆட்டம்ஸ்’ மையம் உருவானது. அதன் தொடர்ச்சியாகப் பிறந்த ‘ஃபேப் லேப்’ என்ற பட்டறைக் கூடங்களில் மிக முந்தைய ஒன்று, 2002இல் மகாராஷ்டிரத்தின் பாபல் கிராமத்தில் அமைந்தது. கல்பாக் என்பவர் 1983இல் தொடங்கிய விஞ்ஞான் ஆசிரமம் அதற்கு இடம் கொடுத்தது.

இந்தக் கூடங்களில் நடப்பதைச் சைவ சித்தாந்தத்தின் கண்ணாடி போட்டுப் பார்க்கலாம். ஒரு பானைக்கு அது மூன்று காரணங்கள் சொல்லும். மண் முதற்காரணம். தண்டமும் சக்கரமும் துணைக்காரணம். குயவன் நிமித்த காரணம். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் தந்த சிவஞானபோதத்தின் வழிவந்தவர்கள் உலகத்தின் தோற்றத்தையும் இதே வாய்பாட்டில் விளக்கினார்கள்: மாயை முதற்காரணம், சத்தி துணைக்காரணம், இறைவன் நிமித்த காரணம். மாயை சடம், தானாக எதுவும் ஆகாது. ஆக்குவிக்க ஓர் அறிவுடைய பொருள் வேண்டும்.

இந்தக் கூடங்களில் உள்ள 3டி பிரிண்டரில் பிளாஸ்டிக் இழை முதற்காரணம். அதில் சிக்கல் இல்லை. பிரிண்டர் துணைக்காரணம், அதுவும் சரி. வடிவத்தைச் சொல்லும் கணினிக் கோப்பு ஒன்று இருக்கிறதே, அதை எங்கே வைப்பது? மண்ணைப்போல் அது பானையாகிவிடுவதில்லை. சக்கரத்தைப்போல் எந்த வடிவத்துக்கும் பொதுவாகச் சுற்றுவதும் இல்லை. இன்ன வடிவம், இன்ன அளவு என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. இதுவரை அந்தத் தெரிதல் குயவனின் தலைக்குள், அவன் விரல்களுக்குள் இருந்தது.

சித்தாந்தம் இங்கே இன்னொரு பகுப்பையும் தருகிறது. செய்பவனிடம் இச்சை, ஞானம், கிரியை என்று மூன்று ஆற்றல்கள். வேண்டும் என்று நினைப்பது, எப்படி என்று அறிவது, செய்து முடிப்பது. குயவனிடம் மூன்றும் பிரியாமல் இருந்தன. டிஜிட்டல் உற்பத்தி செய்திருக்கும் காரியம் இந்த முடிச்சை அவிழ்த்ததுதான். ஞானம் கோப்புக்குப் போய்விட்டது. அதை நகலெடுக்கலாம், கடல் கடந்து அனுப்பலாம். கிரியை இயந்திரத்துக்குப் போய்விட்டது. பொத்தானை அழுத்துகிறவரிடம் இச்சை மட்டும் எஞ்சியிருக்கிறது. இச்சை மட்டும் உள்ளவர் குயவராவாரா?

இந்தக் கேள்வியை மிகத் தீவிரமாக விவாதித்தவர்கள் ஐரோப்பாவின் யூத மதகுருக்களான ரபிகள். பெசாக் பண்டிகைக்கான புளிக்காத ரொட்டி மட்சா. அதன் மாவைத் தட்டும் இயந்திரம் 1838இல் அல்சாஸ் பகுதியில் வந்தது. முதல் இரவில் உண்ணும் மட்சா அந்தக் கடமைக்கென்ற நினைப்போடு செய்யப்பட வேண்டும் என்பது விதி. 1859இல் பிரோடி நகர ரபி ஷ்லோமோ க்ளூகர், இயந்திரத்துக்கு நினைப்பு ஏது என்று தடை சொன்னார். மாவு தட்டிப் பண்டிகைச் செலவுக்குச் சம்பாதிக்கும் ஏழைகளின் பிழைப்பையும் அவர் காரணமாகக் காட்டினார். லெம்பர்க் ரபி யோசேப் ஷாவுல் நாத்தன்சன் அதற்கு மறுப்பு எழுதி, இயந்திர மட்சாவை அனுமதித்தார். சண்டை ஓயவில்லை, இன்றும் பல ஹசிதிய யூதக் குடும்பங்கள் முதல் இரவுக்குக் கையால் செய்ததையே தேடுகின்றன. மற்றவர்கள் கண்ட வழி, இயந்திரத்தை முடுக்குபவர் நோக்கத்தைச் சொல்லிக்கொண்டே முடுக்குவது. அவர் விரலிலிருந்து புறப்பட்ட இச்சை எவ்வளவு தூரம் போகும், எத்தனையாவது ரொட்டியோடு தீர்ந்துபோகும் என்பது அடுத்த விவாதம். ரோபோ எழுதிய தோரா இந்த வரிசையில் கடைசியாக வந்த வழக்கு.

பிரெஞ்சு தத்துவவாதி ஜில்பேர் சிமோந்தோன் இதையே வேறு பக்கத்திலிருந்து அணுகினார். வடிவமும் பொருளும் தனித்தனி, வடிவம் வந்து பொருளின் மேல் இறங்குகிறது என்ற அரிஸ்டாட்டிலின் படத்தை, 1958இல் முடித்த தன் ஆய்வேட்டில் அவர் ஒரு செங்கல்லை வைத்தே உடைத்தார். களிமண்ணைச் சலித்து, பிசைந்து, ஈரம் பார்த்துத் தயாராக்காவிட்டால் அச்சு ஒன்றும் செய்யாது. அச்சும் மரமாகவோ உலோகமாகவோ ஒரு பொருள்தான். வடிவம் பாதி வழி வருகிறது, மண் பாதி வழி வருகிறது. இந்தச் சந்திப்பைப் பார்க்காமல் வடிவம், பொருள் என்று இரண்டாகப் பிரிக்கும் பார்வை, பட்டறைக்கு வெளியே நின்று வேலை ஏவுகிற எஜமானின் பார்வை என்பது அவர் குற்றச்சாட்டு.

பிரிண்டர் வைத்திருப்பவர்கள் இதைப் புத்தகம் படிக்காமலே அறிவார்கள். ஏபிஎஸ் பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கும். அடியில் மூலைகள் தூக்கிக்கொள்ளும். நைலான் இழை காற்றின் ஈரத்தைக் குடித்துவிட்டு, சூடான முனையில் பொரியும். ஒரே கோப்பை நிற்கவைத்து அச்சிட்டால் ஒரு பலம், படுக்கவைத்து அச்சிட்டால் வேறு பலம். அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையில்தான் அது உடையும். கோப்பில் வடிவம் இருக்கிறது; அறையின் ஈரமும் அன்றைய வெப்பமும் இல்லை. ஆகவே பொத்தானை அழுத்த வந்தவர் வெப்பநிலையைக் கூட்டிக் குறைத்து, தட்டைச் சுத்தம் செய்து, நான்கு முறை பாழாக்கி, கையில் ஒரு பக்குவத்தோடு எழுகிறார். போய்விட்ட ஞானமும் கிரியையும் கொஞ்சம் கொஞ்சமாக அவரிடமே திரும்புகின்றன. ஃபேப் லேப் அனுபவத்தில் தத்துவத்துக்கு மிகச் சுவையான இடம் இதுவே. பட்டறைக்கு வெளியே நிற்க வந்தவரைப் பொருள் உள்ளே இழுத்துப்போடுகிறது.

கெர்ஷன்ஃபெல்டுக்கு இதில் திருப்தி இல்லை. அவர் பார்வையில் இன்றைய 3டி பிரிண்டர் அரைகுறை டிஜிட்டல். கட்டளை மட்டுமே எண்களில் இருக்கிறது, பிளாஸ்டிக் பழைய பிளாஸ்டிக்தான். உயிரணுவுக்குள் இருக்கும் ரைபோசோமை அவர் முன்மாதிரியாகக் காட்டுகிறார். அது மரபுச் செய்தியைப் படித்து அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோத்துப் புரதம் செய்கிறது. அதன் உடலிலும் அப்படிக் கோத்த புரதங்கள் உண்டு. அங்கே நிரல் பொருளுக்குள்ளேயே இருக்கிறது. 2013இல் எம்ஐடியின் ஸ்கைலர் டிபிட்ஸ், தண்ணீரில் போட்டதும் தானே மடங்கி எழுத்து வடிவமாகும் ஓர் இழையைக் காட்டினார். தன்னைத் தானே பெருக்கிக்கொள்ளும் இயந்திரம் தர்க்கப்படி சாத்தியம் என்று ஜான் ஃபான் நாய்மன் அதற்கு வெகு காலம் முன்பே காட்டியிருந்தார். அவருடைய குறிப்புகள் அவர் இறந்த பின் 1966இல் நூலாக வந்தன.

இந்தக் கனவு நிறைவேறினால் குயவன் வெளியே தேவையில்லை. இந்தியத் தத்துவத்தில் இதற்கு வாதாட ஆள் உண்டு. சாங்கியர்கள், பிரகிருதி தானே விரிந்து உலகமாகிறது, செய்விக்க ஈசுவரன் வேண்டாம் என்றவர்கள். அறிவில்லாத பால் கன்றுக்காகத் தானே சுரப்பது அவர்களுடைய புகழ்பெற்ற உதாரணம். எதிர்வாதிகள் விட்டுவிடவில்லை: பால் சடம்தான், ஆனால் பசு சடமல்ல, கன்றின் மேல் அதற்கு அன்பு இருப்பதால் சுரக்கிறது என்றார்கள்.

இந்த இரண்டு பேச்சையும் நேருக்கு நேர் சோதித்தது பிரிட்டனின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் 2005இல் தொடங்கிய ‘ரெப்ராப்’ திட்டம். தன் உதிரிப்பாகங்களைத் தானே அச்சிடும் பிரிண்டர் அது. 2008 மே மாதம் முதல் இயந்திரம் அச்சிட்ட பாகங்களால் குழந்தை இயந்திரம் முழுமையடைந்தது. சில நிமிடங்களில் அது பேரக்குழந்தைக்கான ஒரு பாகத்தை அச்சிட்டது. சாங்கியர் மகிழ்ந்திருப்பார். ஆனால் மோட்டாரும் மின்சுற்றும் இரும்புத் தண்டும் கடையில் வாங்கியவை. பாகங்களைப் பூட்டியவர்கள் மனிதர்கள். ஆசைப்பட்டு இரவில் கண்விழித்துப் பூட்டியவர்கள் உலகம் முழுவதும் இருந்ததால்தான் ரெப்ராப் பெருகியது. பசு இல்லாமல் பால் சுரக்கவில்லை.

இச்சை யாருடையது என்பது வெறும் தர்க்க விளையாட்டாக நிற்காத இடங்களும் வந்தன. தச்சு வேலையில் விரல்களை இழந்த தென்னாப்பிரிக்கர் ரிச்சர்ட் வான் ஆஸும், அமெரிக்காவில் மேடைப் பொருட்கள் செய்துவந்த ஐவன் ஓவனும் கண்டங்கள் கடந்து சேர்ந்து ஓர் இயந்திர விரல் செய்தார்கள். பிறகு விரல்களின்றிப் பிறந்த ஒரு சிறுவனுக்காக ஓர் இயந்திரக் கையை வடிவமைத்து, 2013இல் காப்புரிமை கோராமல் கோப்பைப் பொதுவில் வைத்தார்கள். அதிலிருந்து ‘இ-நேபிள்’ என்ற தன்னார்வலர் வலை வளர்ந்தது. அதே 2013 மே மாதம் டெக்சாஸைச் சேர்ந்த கோடி வில்சன், அச்சிட்டுச் சுடக்கூடிய ‘லிபரேட்டர்’ என்ற கைத்துப்பாக்கியின் கோப்பை வெளியிட்டார். அமெரிக்க வெளியுறவுத் துறை நீக்கச் சொல்வதற்குள் அது 1,00,000 முறைக்கு மேல் இறக்கப்பட்டிருந்தது. இரண்டு கோப்புகளும் ஒரே இலக்கணத்தில் எழுதப்பட்டவை. பிரிண்டருக்கு வேறுபாடு தெரியாது. வினைப்பயன் கருவியைச் சேராது, செய்த உயிரைச் சேரும் என்கிறது சித்தாந்தம். வரைந்தவரும் அச்சிட்டவரும் ஒருவரையொருவர் அறியாத இடத்தில் செய்த உயிர் எது என்பதை அது யோசிக்க வேண்டிய நிலை வந்ததில்லை.

2020 மார்ச்சில் வட இத்தாலியின் கியாரி மருத்துவமனையில் சுவாசக் கருவிக்கான வால்வுகள் தீர்ந்தபோது, ‘இசின்னோவா’ என்ற சிறு நிறுவனத்தின் பொறியாளர்கள் ஒரு வால்வை அளந்து, வரைந்து, அச்சிட்டுக் கொடுத்தார்கள். அடுத்து, கடலில் நீந்துவோர் அணியும் முழுமுக முகமூடியைச் சுவாசக் கருவியோடு பொருத்தும் ஓர் இணைப்பானை வடிவமைத்து, கோப்பை எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார்கள்: முகமூடியும் இணைப்பானும் சான்றிதழ் பெறாதவை, வேறு வழியே இல்லாத நெருக்கடியில் மட்டும் பயன்படுத்தலாம், அப்போதும் நோயாளி இதை ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டும். வடிவம் அறிந்தவர்கள் பொறியாளர்கள். அச்சிட்டவர்கள் பல நாடுகளில் பல கூடங்களில் இருந்த முகமறியாதவர்கள். வேண்டும் என்று முடிவெடுத்தவர் மருத்துவர். மூவரிடமும் பிரிந்து கிடந்த பொறுப்பைச் சேர்த்துக்கட்ட, மூச்சுத் திணறும் ஒருவரின் கையெழுத்தும் அந்தத் தாளுக்குத் தேவைப்பட்டது.